வெண்டைக்காயும் ஸ்கேனும்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

1/
போன வாரம் எங்க வீட்டுப் பாகற்காய்ப் பந்தல் படம் போட்டிருந்தேன். "டாக்டர், இதுக்கெல்லாம் உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்குது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே வீட்டுல கம்ப்யூட்டர் வேலையும் காய்கறித் தோட்டமும் எப்படி ஓடுதுன்னு ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

2/
முதல்ல என் வேலை. நான் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படிக்கிற டாக்டர். மல்லசமுத்திரத்துல வீட்டு மாடி அறையில உட்கார்ந்து, வெவ்வேற ஊர் ஆஸ்பத்திரிகள்ல எடுக்கிற சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை இன்டர்நெட் வழியா வாங்கிப் பார்த்து ரிப்போர்ட் எழுதறேன். தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் திரை முன்னாடி. ஐ.டி. ஆளுங்களுக்கு வர்ற கழுத்துவலி, கண் எரிச்சல் எல்லாம் எனக்கும் உண்டு.

3/
ஊரைத் தெரியாதவங்களுக்கு: நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு பக்கம். 1997-க்கு முன்னாடி சேலம் மாவட்டத்துல இருந்த ஊர். சுத்தி மரவள்ளி, பருத்தி, நிலக்கடலை. நடுநடுவுல தறிச் சத்தம். மழை கம்மி. போர் போட்டா ஆழமாத்தான் போகணும். அதனால இங்க தோட்டம் வைக்கிறவங்களுக்குத் தண்ணி வர்ற நேரம்தான் கடிகாரம்.

4/
தோட்டம்னு சொன்னா இங்க சிரிப்பாங்க. எங்க பக்கத்துல தோட்டம்னா கிணறு வெச்சுப் பாசனம் பண்ற பூமி. எனக்கு இருக்கிறது வீட்டுக்குப் பின்னாடி மூணு சென்ட். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க டாக்டருங்க, பொடக்காலியப் போயித் தோட்டம்னு படம் போடறீங்களே?" சரிதான். பொடக்காலின்னே வெச்சுக்கலாம்.

5/
அந்தப் பொடக்காலியில வெண்டை, கத்திரி, தக்காளி, அவரை, ஒரு பாகல் பந்தல், ரெண்டு பாத்தி அரைக்கீரை, ஓரத்துல முருங்கை. அம்மாவுக்கு வயசு 68, பத்து வருஷமா சுகர். அவங்கதான் மேனேஜர். நான் கூலி இல்லாத ஆளு.

6/
தண்ணி பக்கத்துக் காட்டு போர்ல இருந்து வருது. த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிற நேரத்துலதான் மோட்டார் ஓடும். அந்த நேரம் மாறிக்கிட்டே இருக்கும். என் ஸ்கேனும் அப்படித்தான். எப்ப யாருக்கு ஆக்சிடென்ட், எப்ப யாருக்குப் பக்கவாதம்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு வேலைக்குமே நேரம் என் கையில இல்லை. "காலையில 6-ல இருந்து 7 வரை தோட்டம்"னு டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டினா ஒரு வாரம்கூடத் தாங்காது.

7/
டைம்டேபிளுக்குப் பதிலா எனக்கு உதவினது கேஷுவாலிட்டியில கத்துக்கிட்ட ஒரு பழக்கம். அங்க வர்றவங்களை வந்த வரிசையில பார்க்க மாட்டோம். யாரால காத்திருக்க முடியாதோ அவங்களை முதல்ல பார்ப்போம். ட்ரையாஜ்னு பேரு. அதையே செடிக்கும் வேலைக்கும் சேர்த்துப் போட்டுக்கிட்டேன்.

8/
முருங்கைக்கு ஒரு வாரம் தண்ணி விடலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. காய்ப்புல இருக்கிற கத்திரி ஒருநாள் பொறுக்கும். சித்திரை வெயில்ல நேத்து நட்ட நாத்து அரைநாள் தாங்கினாலே அதிகம். கத்திரியில நுனித் தண்டு வாடித் தொங்கினா உள்ள தண்டுப்புழு இருக்குன்னு அர்த்தம். பார்த்த அன்னைக்கே கிள்ளி அழிச்சிடணும், விட்டா காய்க்குள்ள போயிடும். களை எடுக்கிறது ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கும்.

9/
வெண்டை தனி கேஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். விட்டா நார் ஏறிடும், செடியும் புதுக் காய் வைக்கிறதைக் குறைச்சிடும். இதுலதான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. "ஏங் கண்ணு, அந்தப் படம் பொட்டியிலதானே கெடக்கும்? வெண்டக்கா செடியில முத்திப்போயிருமல்ல?"ம்பாங்க. சில ஸ்கேனும் முத்திப்போகும்மா, பறிக்கிற நேரம் தவறினா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லுவேன்.

10/
ஒரு உதாரணம். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஒரு விடிகாலை. பாதி வெண்டை பறிச்சிருக்கேன், போன்ல அவசர அலாரம். ஐம்பதைத் தாண்டின ஒருத்தர், வலது கை கால் வரலை, பேச்சு குழறுது. ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. கூடையை அப்படியே வரப்புல வெச்சுட்டு மாடிக்கு ஓடினேன்.

11/
பக்கவாதத்துல ரெண்டு வகை. மூளை ரத்தக்குழாய் அடைச்சுக்கிறது ஒண்ணு, வெடிச்சுக் கசியறது இன்னொண்ணு. வெளியில பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடைப்புன்னா கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம், ஆனா 4.5 மணி நேரத்துக்குள்ள. கசிவு இருக்கிறப்போ அதே ஊசியைப் போட்டா உயிருக்கே ஆபத்து. எதுன்னு பிரிச்சுச் சொல்றது தலை சி.டி. ஸ்கேன்தான். பெரிய ரத்தக்குழாய் அடைச்சா, சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகுதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க.

12/
அன்னைக்குப் படத்துல ரத்தக்கசிவு இல்லை. டைப் பண்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டேன். அவங்க ஊசி வேலையை ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எழுதினது நாலு வரி ரிப்போர்ட். அவ்வளவுதான் என் பங்கு.

13/
அந்த மனுஷன் எழுந்து நடந்தாரா, பேசினாரா? எனக்குத் தெரியாது. முகம் தெரியாது, குரல் தெரியாது. அடுத்த ஸ்கேன் வந்துடுச்சு. என் வேலையில பெரும்பாலும் இப்படித்தான். பெரிய முடிவு ஒண்ணு சொல்லுவேன், அதோட பலன் என் கண்ணுக்கு வராமலே போயிடும். கோடு எழுதறவங்க, கணக்குப் பார்க்கிறவங்க, கால் சென்டர்ல இருக்கிறவங்க, உங்களுக்கும் இது புரியும்னு நினைக்கிறேன்.

14/
இந்த வேலையில வருஷக்கணக்கா இருந்தா உள்ளுக்குள்ள ஒரு வறட்சி வரும். வேலை நடக்குது, ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரியாது. நான் பொடக்காலியை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு முதல் காரணம் இதுதான். நேத்து விட்ட தண்ணி இன்னைக்கு இலையில தெரியுது. அரைக்கீரை விதைச்ச 25-ம் நாள் சட்டியில இருக்கு. தப்பாப் பண்ணினாலும் செடி சொல்லிடும்.

15/
ரெண்டாவது காரணம், கண். திரையைப் பார்க்கிறப்போ கண் சிமிட்டறது பாதிக்கும் கீழே குறையும். கண்ணீர்ப் படலம் காய்ஞ்சு எரிச்சல் வரும். கிட்டப் பார்வைக்கு உள்தசை இறுக்கமாவே இருக்கும். அதனாலதான் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்துல, 20 நொடி பாருங்கன்னு சொல்றோம். எனக்கு அந்த 20 அடியில ஜன்னல் வழியா முருங்கை மரம் இருக்கு.

16/
ரேடியாலஜிஸ்ட்கள் நாள் முழுக்கப் படம் பார்த்த பிறகு எலும்பு முறிவைக் கண்டுபிடிக்கிற துல்லியமும், கண் ஃபோகஸ் பண்ற திறனும் குறையுதுன்னு 2010-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. அதனால இடைவேளைங்கிறது என் விஷயத்துல சொகுசு இல்லை. களைச்ச கண்ணோட பார்த்தா நஷ்டம் எனக்கு இல்லை, ஸ்கேன்ல படுத்திருக்கிறவருக்கு.

17/
இதுல ஒரு சிக்கலும் இருக்கு. பட்டப்பகல் வெயில்ல நின்னுட்டு நேரா இருட்டு அறைக்கு வந்தா, சாம்பல் நிற வித்தியாசம் எதுவும் கண்ணுக்குச் சரியாப் பிடிபடாது. அந்தக் காலத்து ரேடியாலஜிஸ்ட்கள் ஃப்ளூரோஸ்கோப்பி பார்க்கிறதுக்கு முன்னாடி கண்ணை இருட்டுக்குப் பழக்க, சிவப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பாங்க. அதனால எனக்கு ஒரு விதி: வெயில் ஏறினப்புறம் வேலை நேரத்துல தோட்டத்துல இறங்க மாட்டேன். விடிகாலை, இல்லைன்னா சாயங்காலம். அவசரம் இல்லாத நாள்ல கைகால் கழுவி, மோர் குடிச்சு, பத்து நிமிஷம் அறையில உட்கார்ந்த பிறகுதான் முதல் படம்.

18/
இப்ப நேர்மையா ஒரு கணக்கு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் காய், பழம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க வீட்டுல நாலு பேர், அப்போ 1.6 கிலோ. என் மூணு சென்ட் தினமும் அவ்வளவு தராது. மீதி சந்தையிலதான். வாங்கின எரு, விதை, டியூப் எல்லாம் கூட்டினா லாபமும் இல்லை. "வீட்டுத் தோட்டம் வெச்சா சுகர் ஓடிப்போயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அம்மா மாத்திரையை நிறுத்தலை, மூணு மாசத்துக்கு ஒருமுறை HbA1c-க்கு பதிலா கதை சொல்லவும் நான் விடறதில்லை.

19/
ஆனா அம்மா தினமும் குனிஞ்சு நிமிர்ந்து நடக்கிறாங்க, தட்டுல சோத்தைவிடக் காய் கூடியிருக்கு. வாரம் 150 நிமிஷம் மிதமான உடலுழைப்புன்னு நாங்க எழுதிக் கொடுக்கிறதை, எழுதிக் கொடுக்காமலே பண்றாங்க. எனக்கும் அதேதான். ஒண்ணு மட்டும் கவனம்: எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்போட நேரா மம்முட்டியைப் பிடிச்சா முதுகு பிடிச்சுக்கும். முதல்ல அஞ்சு நிமிஷம் நடங்க. களை எடுக்க மணைப்பலகை போட்டு உட்காருங்க.

20/
டாக்டர்ங்கிறதால இதையும் சொல்லியே ஆகணும்:
• மண்ணுல வேலை செய்றவங்க பத்து வருஷத்துக்கு ஒருமுறை டி.டி. ஊசி போட்டுக்கணும்.
• தொட்டித் தட்டு, டிரம் தண்ணியை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துங்க. டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.
• இருட்டுல தண்ணி கட்டப் போனா டார்ச்சும் ஷூவும். பாம்பு கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, அசையாம வெச்சு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தமிழ்நாட்டுல 2024-ல இருந்து பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல இருக்கு.

21/
லேப்டாப்போட சொந்த ஊருக்கு வந்தவங்க நிறைய பேர் எங்க ஊர்லயும் இருக்காங்க. ஆரம்பிக்கணும்னா அஞ்சு பையோட ஆரம்பிங்க. உங்க வேலைக்குத் தகுந்த செடியா எடுங்க. திடீர் திடீர்னு மீட்டிங் வர்ற வேலைன்னா வெண்டை வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, கோவை வைங்க, அதுங்க பொறுத்துக்கும். நேரம் நிலையா இருக்கிற வேலைன்னா கீரையும் வெண்டையும் வைக்கலாம். ஆடிப்பட்டம், தைப்பட்டம் ரெண்டும் நினைவுல இருக்கட்டும். புராஜெக்ட் டெலிவரி மாசத்துல புதுசா எதையும் விதைக்காதீங்க.

22/
கடைசியா, இந்த த்ரெட்ல எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா, உடனே 108. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான். சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போங்க. "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்"னு மட்டும் இருந்துடாதீங்க.

உங்க வீட்டுல என்ன செடி, என்ன வேலை, எதை எப்படி ஓட்டறீங்கன்னு கீழ எழுதுங்க. கத்திரித் தண்டுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தவிர வேற நல்ல வழி வெச்சிருக்கிறவங்க கட்டாயம் எழுதுங்க, அம்மா கேட்கச் சொன்னாங்க.