‘என் சிஸ்டத்துல ஓடுதே, அண்ணா!’

தருமபுரிப் பக்கம் பிஎச்பி பழக வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். அவர்கள் செய்யும் பக்கம் போய் உட்காரப்போவதோ லினக்ஸ் சர்வரில். எக்ஸாம்ப்பில் பச்சை விளக்கு எரிந்தவுடன் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பம்.

பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர் ஒருவருக்குக் கணக்குப் பக்கம் எழுதினான் ஒரு தம்பி. டேபிளுக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்துப் பெயர் கொடுத்திருந்தான். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் அதைச் சத்தமில்லாமல் சின்ன எழுத்தாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் கோப்பிலும் சின்ன எழுத்தே வரும். குவெரியில் மட்டும் பெரிய எழுத்து அப்படியே நிற்கும். லினக்ஸில் ஏற்றியதும், அப்படியொரு டேபிளே இல்லை என்று கை விரித்துவிட்டது. சர்வரில் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதபடி செட்டிங்கை மாற்றிச் சரிக்கட்டலாமே என்றான். மைஎஸ்க்யூஎல் 8-இல் டேட்டா டைரக்டரியை முதன்முதலாக உருவாக்கும்போது மட்டுமே அந்தச் செட்டிங்கைத் தொட முடியும். அதனால் டேபிள், கோப்பு, ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே சின்ன எழுத்து. எங்கள் பட்டறையில் இதற்கு விலக்கே கிடையாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், பக்கம் ஓடவில்லை என்றால் கோடைத் திறக்கவே மாட்டார். ஒரு டெர்மினலில் அப்பாச்சியின் எரர் லாக்கை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பிரவுசரை ரிஃப்ரெஷ் செய்வார். “ஸ்க்ரீன்ல வர்றதை நம்பாத தம்பி, லாக் என்ன சொல்லுதுன்னு பாரு.” அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு மாற்றம், ஒரு ரிஃப்ரெஷ், ஒரு வரி லாக். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் கீபோர்டைப் பிடுங்கிவிடுவார்.

டேட்டாபேஸ் இருக்கும் இடத்தை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுவதிலும் சூட்சுமம் உண்டு. லினக்ஸில் அந்தப் பெயரைக் கொடுத்தால் பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போகாது, சாக்கெட் கோப்பைத் தேடும். எக்ஸாம்ப்பின் சாக்கெட் ஓரிடம், உபுண்டு தனியாக நிறுவும் மைஎஸ்க்யூஎல்லின் சாக்கெட் வேறிடம். ‘கோப்பு இல்லை’ என்று எரர் வந்தால் 127.0.0.1 என்று மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழ் டேட்டா இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு டம்ப் எடுத்தால் கோப்பு யூடிஎஃப்-16 ஆக விழும். அதை மைஎஸ்க்யூஎல் ஏற்றாது. மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் ரிசல்ட்-ஃபைல் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். டேபிள், கனெக்‌ஷன் இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4-இல் இருக்கட்டும். ஒன்றை விட்டாலும் விவசாயியின் பெயர் கேள்விக்குறிகளாகலாம். 2015-க்குப் பிறகு எக்ஸாம்ப்பில் வருவது மரியாடிபி, மைஎஸ்க்யூஎல் அல்ல. சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8 ஓடினால் அதன் இயல்பான கொலேஷன் பழைய மரியாடிபிக்குப் புரியாது, அங்கிருந்து எடுத்த டம்ப்பை லேப்டாப்பில் ஏற்றினால் இம்போர்ட் பாதியில் நிற்கும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது நேரம்தான். லேப்டாப்பில் இந்திய நேரம், சர்வரில் யூடிசி. ஐந்தரை மணி நேர வித்தியாசம். பகலில் மட்டும் வியாபாரம் செய்யும் மற்ற கடைக்காரருக்கு இது கண்ணிலேயே படாது. மண்டியில் விடியற்காலை 4 மணிக்குப் போட்ட சீட்டு முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். கனெக்‌ஷன் திறந்த கையோடு டைம்ஸோனை +05:30 என்று எண்ணாகவே கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயர் கொடுத்தால் டைம்ஸோன் டேபிள்கள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், விண்டோஸில் பெரும்பாலும் அவை இருக்காது.

அப்லோடு ஆகவில்லை என்று ஃபோல்டருக்கு 777 பர்மிஷன் கொடுப்பவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஓனரை மாற்றுங்கள், போதும்.

இதையெல்லாம் சர்வருக்குப் போகும் முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. 2011-இல் தொடங்கி அரசு தந்த இலவச லேப்டாப் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கலாம். 2 ஜிபி ரேம் இருந்தால் போதும். ஸ்க்ரீன் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. டெபியன் போட்டு, சர்வரில் உள்ள அதே பிஎச்பி, அதே டேட்டாபேஸ் வெர்ஷனை ஏற்றி, வீட்டு வைஃபையில் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வெற்று டேட்டாபேஸில் டம்ப்பை ஏற்றி, எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்த பிறகே நிஜ சர்வருக்கு அனுப்புங்கள்.