காலண்டர் அட்டையும் நாலு ஆணியும்

வீட்டு அலங்காரம் பற்றி வரும் பத்திரிகைகளைப் புரட்டினால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். பளிச்சென்று ஒரு வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு பெரிய ஓவியம், கீழே ஒரு பூச்சாடி. அந்த ஓவியத்தின் விலைக்கு இருக்கன்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்து, ஓடும் மாற்றிவிடலாம். ஆனால் அங்கே சுவர் வெறுமையாக இருக்கிறதா என்றால், அதுதான் இல்லை. ஆணி அடிக்க இடம் கிடைக்காது!

இருக்கன்குடி சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது. (ஆறு என்றதும் தண்ணீரைக் கற்பனை செய்ய வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் மணல்தான்.) மாரியம்மன் கோயிலுக்குப் பேர் போன ஊர். கண் நோய் தீர்ந்தால் கண்மலர் சாத்துவார்கள். ஆடி கடைசி வெள்ளியன்று கூட்டம் நெரியும். வந்தவர்கள் திரும்பும்போது அம்மன் படம் ஒன்றாவது கையில் இருக்கும். மற்ற படமெல்லாம் காசு கொடுக்காமல் வருவது. நகைக்கடை, பலசரக்குக் கடை, உரக்கடை என்று தை பிறப்பதற்குள் நாலைந்து காலண்டர் சேர்ந்துவிடும். அச்சடிக்கும் சிவகாசி பக்கத்து ஊர்தானே.

சிவகாசிக்கு அச்சுத்தொழில் வந்த கதையே சுவாரஸ்யமானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி செய்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டுமே? லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. லேபிள் அடித்த கை பிறகு பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் சாமி படத்துக்கும் அடித்தது. ஆக, பூஜையறை லட்சுமிக்குத் தீப்பெட்டி ஒரு வகையில் அக்கா முறை!

சரி, அடிக்க இயந்திரம் இருக்கிறது, படத்தை வரைவது யார்? அதற்குப் பதில் சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டியில் இருக்கிறது. 1898இல் பிறந்த சி. கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போனார். அப்படி வந்த இடத்தில், 1940களில், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் நடத்தியதுதான் தேவி ஆர்ட் ஸ்டுடியோ. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்றவர்கள் அங்கே உருவானவர்கள். 1976இல் காலமாகும்வரை அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் பின்னால் தூண், வளைவு, மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை இருக்கும். நாடக சீன் வரைந்த கை எங்கே போகும்? ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டுத் தொடங்கிய வேலையை இந்தக் கரிசல் மண்ணில் கடைசி வீடு வரை கொண்டு சேர்த்தவர் இவர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். ஓவியக் கூடங்களில் காலண்டர் ஆர்ட் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கஜ்ரி ஜெயின் என்ற ஆய்வாளர் இந்தப் படங்களை வைத்தே 2007இல் ஒரு புத்தகம் போட்டார்.

இனி கைவேலைக்கு வருவோம். தினசரி காலண்டரில் தாள் கிழிந்து தீர்ந்ததும் அட்டை மிஞ்சும். படத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் வீட்டில் சண்டை வரும். கீழே உள்ள கடைப் பெயரையும் போன் நம்பரையும் வெட்டுவதா வேண்டாமா? வெட்டினால் அம்மன் பாதம் போய்விடும், வெட்டாவிட்டால் காலமெல்லாம் உரக்கடை விளம்பரம்! பெரும்பாலும் உரக்கடைதான் ஜெயிக்கும். அப்புறம் ஜிகினா, பாசி, கல் ஒட்டினால் தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிடும். மைதா பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் செய்பவர்கள் வழக்கம், பூச்சி அரிக்காது. (மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.) பிரேமுக்குப் பின்னால் மூலைக்கு ஒரு சின்னத் தக்கை ஒட்டினால் சுவரின் ஈரம் படத்தில் ஏறாது.

முக்கியமானது வெயில். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் ஒரு படம் உருவாகிறது. வெயில் பட்டால் மஞ்சளும் சிவப்பும் முதலில் ஓடிவிடும். நீலம் மட்டும் நிற்கும். டீக்கடைகளில் எல்லா சாமியும் கிருஷ்ணர் நிறத்தில் இருப்பதன் ரகசியம் இதுதான். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் படம் மாட்டாதீர்கள்.

வெளுத்த படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள். அங்கே மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். இதற்குள் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும்.

இந்த வட்டாரச் சுவர்களில் இன்னொரு வகைப் படமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இடையில் ஒருவர், இருவர் என்று செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்தவை எத்தனையோ. கூலிக்குப் போன மனிதர்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அடையாள அட்டையில் இருப்பதையோ, யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலோ ஓரமாக நிற்பதையோ வெட்டி எடுத்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் முகம் கலங்கும். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் சட்டைக்குக் காலர் வைப்பார், பின்னால் நீல வானம் போடுவார். பெண்கள் படம் என்றால் போடாத நகைகூட வந்துவிடும்.

அந்த வீடுகளில் காலண்டர் சாமிகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டிருப்பார்கள். சீரோ வாட்ஸ் பல்பு ஒன்று எரியும். வெயில் படாத சுவராகத்தான் பார்த்து மாட்டியிருப்பார்கள்.