கேமுக்கும் கல்யாண வீடியோவுக்கும் ஒரே கம்ப்யூட்டர்... ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஓர் அப்பாவும் மகனும்!

சனிக்கிழமை காலை பத்தரை மணி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. மானிட்டர் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய மீன்பாடி வண்டி ஒன்று, "ஓரம்... ஓரம்..." என்ற குரலோடு கூட்டத்துக்குள் நுழைகிறது. டீக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள் ஓர் அப்பாவும் மகனும். விழுப்புரத்திலிருந்து அதிகாலை ரயிலில் கிளம்பி வந்தவர்கள்.

அப்பா இருபது வருடங்களாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். மகன் கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. இருவரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் 'அசெம்பிள்' செய்ய வந்திருக்கிறார்கள். பட்ஜெட் மூன்று லட்சம் ரூபாய். சீட்டு எடுத்த பணம். பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாவின் கை சட்டைப் பையில் இருக்கும் போனைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

"முன்னெல்லாம் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு டிவிடி கொடுத்தா போதும். இப்ப தாலி கட்டின அன்னிக்கே ரீல்ஸ் கேக்குறாங்க. நம்ம சிஸ்டம் ஒரு ராத்திரி பூரா ஓடி, காலைல பாத்தா 'எரர்'னு நிக்குது. இந்த வருஷம் மட்டும் ரெண்டு ஆர்டர் கையை விட்டுப் போச்சு" என்கிறார் அப்பா.

மகனுக்கு வேறு கணக்கு. எடிட்டிங் முடிந்த பிறகு அதே கம்ப்யூட்டரில் 4கே தரத்தில் கேம் ஆட வேண்டும். ஒரு மாதமாக யோசித்து எழுதிய பட்டியல் அவன் போனில் இருக்கிறது.

தறிகளின் பேட்டை

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிறது ரிச்சி ஸ்ட்ரீட். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்று ஒரு பெயரில் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு எனப் பின்னிக் கிடக்கும் பல தெருக்கள் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. டெல்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, டேப் ரெக்கார்டர், டி.வி, சி.சி.டி.வி, கம்ப்யூட்டர் எனக் காலத்துக்கு ஏற்ப சரக்கை மாற்றிக்கொண்ட தெரு இது.

தெரு இருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் ஒரு கதை உண்டு. கூவம் வளைந்து ஓடும் இந்த இடத்தில் 1734-ல் கிழக்கிந்திய கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்தியது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். நூலையும் தறியையும் கொண்டு துணி நெய்த பேட்டையில், இன்று சிப்பையும் ஒயரையும் கொண்டு கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள்.

"கேமா, எடிட்டிங்கா தம்பி?"

முதல் கடை மாடியில் இருக்கிறது. ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. மகன் பட்டியலை நீட்டுகிறான். ரைசன் 9 9950எக்ஸ்3டி பிராசஸர், ஆர்.டி.எக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ராம், நான்கு பக்கமும் வண்ண விளக்கு எரியும் கண்ணாடி கேபினட். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, கொட்டேஷனைத் திருப்பிக் காட்டுகிறார். மூன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது தொகை.

அப்பா ஒன்றும் பேசாமல் படியிறங்குகிறார். இரண்டாவது கடையிலும் ஏறக்குறைய அதே தொகை. மூன்றாவது கடைக்காரர் மட்டும் பட்டியலைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்கிறார்.

"கேமா, எடிட்டிங்கா தம்பி? எது சோறு போடுது?"

"எடிட்டிங்" என்கிறார் அப்பா. "ரெண்டும்" என்கிறான் மகன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்குகிறார். எடிட்டிங்குக்குப் பிராசஸரில் கோர்கள் அதிகம் வேண்டும். வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது வேலையைப் பல கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கேமுக்கு அத்தனை கோர் தேவையில்லை. அதிகமான கேஷ் நினைவகம் கைகொடுக்கும். அதனால்தான் 8 கோர் மட்டுமே உள்ள ரைசன் 7 9800எக்ஸ்3டி, கேம் ஆடுபவர்களிடம் அவ்வளவு பிரபலம். ஆனால் 4கே தரத்தில் கேம் ஆடும்போது பெரும்பாலான சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். பிராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் அங்கே குறைந்துவிடும்.

"அப்ப 12 கோர் உள்ள 9900எக்ஸ் போதும். மிச்சமாகுற காசைத் தேவையான இடத்துல போடுங்க. ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும், அதுக்கு அப்பாலும் சப்போர்ட் உண்டுன்னு கம்பெனியே சொல்லியிருக்கு. பின்னாடி பிராசஸரை மட்டும் மாத்திக்கலாம். போர்டை மாத்த வேணாம்."

மகன் முகத்தில் லேசான ஏமாற்றம். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

பையிலிருந்து வந்த கல்யாணம்

அப்பா தோள்பையைத் திறந்து, சின்ன எஸ்.எஸ்.டி ஒன்றை எடுக்கிறார். போன மாதம் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் அதில் இருக்கிறது. "இதை இங்க ஓட்டிப் பாக்கலாமா?"

விஷயம் இதுதான். அவருடைய புதிய கேமரா 10-பிட், 4:2:2 என்ற முறையில் பதிவு செய்கிறது. சாதாரண வீடியோவைவிட இதில் நிறத் தகவல் அதிகம். மணப்பெண்ணின் பட்டுப்புடவை நிறத்தையும் மேடை விளக்கின் மஞ்சளையும் பின்னால் சரிசெய்ய வசதி. ஆனால், முந்தைய தலைமுறை கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் இந்த வகை வீடியோவைப் பிரித்துப் படிக்கத் தனி வசதி கிடையாது. முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழும். அதனால்தான் வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் டைம்லைனை நகர்த்தினாலே படம் திக்கித் திக்கி ஓடியது. ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ப்ராக்ஸி' எனப்படும் சிறிய நகலை உருவாக்கி, அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஒப்பேற்றியிருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு ப்ராக்ஸி போடவே அரை நாள் போய்விடும்.

ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை கார்டுகளில் இந்த 4:2:2 வீடியோவைப் படிக்கும் வசதி ஹார்டுவேரிலேயே வந்துவிட்டது. கடையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் 5070 டிஐ கார்டு இருந்தது. எஸ்.எஸ்.டி-யைச் செருகி, மூன்று கேமரா காட்சிகளையும் ஒரே டைம்லைனில் அடுக்குகிறார் கடைப் பையன். கெட்டிமேளம் கொட்டுகிறது. அட்சதை பறக்கிறது. படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அப்பா மவுஸை வாங்கி, அவரே முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். "இதே கார்டுதானே கொடுப்பீங்க?"

5080-லும் 5070 டிஐ-யிலும் நினைவகம் ஒரே 16 ஜிபிதான். 5080 வேகமானது. விலையும் அதற்கேற்ப அதிகம். அப்பாவின் வேலைக்கு இது தாராளம் என்று முடிவாகிறது.

ராம் விலை கேட்டு ஓர் அதிர்ச்சி

அடுத்தது ராம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலை இறங்கும் பொருள் என்று அப்பா நினைத்திருந்தார். ஆனால் 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து நிலைமை தலைகீழ். ஏ.ஐ தரவு மையங்களுக்கு மெமரி சிப்கள் மொத்தமாகப் போவதால், வீட்டு உபயோகத்துக்கான ராம் விலை உலகம் முழுக்கக் கிடுகிடுவென ஏறிவிட்டது.

"32 ஜிபி போட்டுக்கலாமா?" என்று மகன் கேட்கிறான்.

கேமுக்கு 32 ஜிபி போதும். ஆனால் மூன்று கேமரா, ட்ரோன் காட்சி, மேலே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டைட்டில் என்று போகும்போது 64 ஜிபி நிம்மதி. "பின்னாடி இன்னும் ரெண்டு குச்சி சேத்துக்கலாம்ல?" என்று கேட்கிறார் அப்பா. டி.டி.ஆர்.5-ல் நான்கு ராம் போட்டால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும், இப்போதே 32 ஜிபி இரண்டாக வாங்குவது நல்லது என்கிறார் கடைக்காரர்.

பேனாவால் கூட்டிப் பார்க்கிறார்கள். மீதி இருப்பது குறைவு. அந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது.

"எனக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க் வேணும்"

எட்டு டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும் என்கிறார் அப்பா. மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குப்பா ரெண்டு? 2 டிபி எஸ்.எஸ்.டி இருக்கு. பழைய டிஸ்க்கும் வீட்ல இருக்கு. அந்தக் காசுக்கு 4கே மானிட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துடலாம்."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்துச் சொல்கிறார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா உடம்புக்கு முடியாம சேர்லயே உக்காந்து தாரை வார்த்துக் கொடுத்தாரு. பதினஞ்சு நாள்ல இறந்துட்டாரு. அதுக்குள்ள என்னோட டிஸ்க் போயிடுச்சு. ஒரே காப்பிதான் வச்சிருந்தேன். ரெக்கவரிக்குக் கொடுத்தும் வரலை. அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. 'ஒரு போட்டோவாவது எடுக்க முடியுமாண்ணே'ன்னு கேட்டுச்சு."

கடையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மகனுக்கு இது தெரியாது. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

எஸ்.எஸ்.டி வேலை செய்வதற்கு. ஹார்டு டிஸ்க் சேமித்து வைப்பதற்கு. ஒன்று கம்ப்யூட்டருக்குள், இன்னொன்று வெளியே பீரோவில். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது பாதுகாப்பு. கார்டும் பிராசஸரும் பழுதானால் மறுபடி வாங்கிவிடலாம். போன ஃபுட்டேஜை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"அந்த லைட் போட்ட கேபினட் வேணாம்ணா. சாதாரணமா, முன்னாடி வலை வச்சது கொடுங்க. மானிட்டர் பழசே இருக்கட்டும்" என்கிறான் மகன்.

வெயிலுக்கும் கரன்ட் கட்டுக்கும்

வலை வைத்த கேபினட்டைத்தான் கடைக்காரரும் சிபாரிசு செய்வதாக இருந்தார். நம் ஊர் மே மாத வெயிலில், முன்பக்கம் கண்ணாடியால் மூடிய பெட்டிக்குள் காற்றுப் போக வழியில்லாமல் சூடு தங்கிவிடும். சூடு ஏறினால் பிராசஸரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் காற்றை இழுக்க இரண்டு மூன்று மின்விசிறி, பின்னால் வெளியே தள்ள ஒன்று, கழற்றிக் கழுவும்படியான தூசி வலை. இவ்வளவு இருந்தால் போதும்.

5070 டிஐ கார்டுக்கு 750 வாட்ஸ் பவர் சப்ளையைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். இவர்கள் 850 வாட்ஸ், 'கோல்டு' தரத்தில் எடுக்கிறார்கள். யு.பி.எஸ் வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் 1000 வி.ஏ என்று எழுதியிருந்தால் 1000 வாட்ஸ் என்று அர்த்தமில்லை. பல மாடல்களில் அது 600 வாட்ஸ்தான். எனவே வாட்ஸ் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். கரன்ட் போனதும் வேலையைச் சேமித்து, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கும் அளவுக்குத் தாங்கினால் போதும்.

கறுப்புத் திரையும் சில நிமிடங்களும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசெம்பிளி தொடங்குகிறது. போர்டில் பிராசஸரை வைத்து, நெம்பை அழுத்தி, மேலே பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைக்கிறார் கடைப் பையன். ராம் இரண்டும் 'டக்' என்ற சத்தத்தோடு உட்காருகின்றன. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் மகன் போனில் படம் எடுத்துக்கொள்கிறான். பில்லிலும் அதே நம்பர்கள் இருக்க வேண்டும் என்பதில் அப்பா கறார். 18 சதவிகித ஜி.எஸ்.டி-யோடு முறையான பில் வாங்கினால்தான் நாளைக்கு வாரன்டி கேட்டு வந்து நிற்க முடியும்.

எல்லாம் முடிந்து பவர் பட்டனை அழுத்துகிறார்கள். மின்விசிறிகள் சுழல்கின்றன. திரையில் ஒன்றும் இல்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அப்பாவின் கை மறுபடி சட்டைப் பைக்குப் போகிறது. "என்னப்பா, போச்சா?"

"இருங்க சார், ஆஃப் பண்ணிடாதீங்க. முதல் தடவை ராமைப் பழக்கிக்கும். கொஞ்சம் நேரமாகும்" என்கிறான் பையன், தலையைத் தூக்காமலே.

டி.டி.ஆர்.5 ராம் போட்ட புது போர்டுகளில் இது வழக்கம். முதல்முறை இயங்கும்போது போர்டும் ராமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவுகளைச் சோதித்துப் பார்க்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இது தெரியாமல் பதறி அணைத்துவிட்டு, 'போர்டு டெட்' என்று கடைக்குத் தூக்கி வருபவர்கள் உண்டாம்.

இன்னும் சற்று நேரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. 65,536 எம்பி என்ற எண்ணை அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். மகன் அவர் தோளைத் தட்டினான்.

ரிச்சி ஸ்ட்ரீட் போகிறீர்களா?

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே போனால் நெரிசல் குறைவு.
* குறைந்தது மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். மாடல் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.
* எடிட்டிங் செய்பவர்கள் சொந்த ஃபுட்டேஜைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.
* 'பில் வேணாம்னா குறைச்சுக்கலாம்' என்றால் நகர்ந்துவிடுங்கள்.
* கிராபிக்ஸ் கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.
* வெளியூர் போவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். எடை அதிகம் என்பதால் வழிக் குலுக்கலில் போர்டின் ஸ்லாட் உடையலாம்.

மாலை ஆறு மணிக்கு எழும்பூரில் விழுப்புரம் வழியாகப் போகும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள் இருவரும். கேபினட் பெட்டி காலடியில். கிராபிக்ஸ் கார்டு பெட்டி மகனின் மடியில். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் அப்பாவின் தோள்பையில்.

"முதல்ல என்ன கேம்டா போடப் போற?" என்று கேட்கிறார் அப்பா.

"முதல்ல உன் பழைய டிஸ்க்ல இருக்குறதையெல்லாம் காப்பி எடுத்துடலாம்பா. ரெண்டு காப்பி" என்கிறான் மகன்.