ஆற்றுக்கட்டின் மேல் ஒரு சுற்று

அன்பின் மச்சான்,

மலையே இல்லாத நாட்டில் சைக்கிள் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பதிலாக ஒரு முழுச் சுற்றையும் எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீயே சொல்லு.

ரைன் நதி நெதர்லாந்துக்குள் வந்ததும் கிளை கிளையாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று வைக் பை டூர்ஸ்டேடெ என்ற சிறு பட்டினத்தைத் தாண்டியதும் லெக் என்று பெயர் மாறி மேற்கே போகிறது. அந்த லெக்கின் தென்கரையில் கூலம்போர்க். ஊட்ரெக்ட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான்; நெரிசல் நேரம் தவிர்த்தால், தனி டிக்கெட் எடுத்து சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். கூலம்போர்க்கில் இறங்கி, தென்கரையோடு கிழக்கே போய், படகில் ஆற்றைக் கடந்து, வடகரையோடு மேற்கே திரும்பி, இன்னொரு படகில் மறுபடி கூலம்போர்க். நாற்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏற்றம் என்று பார்த்தால் ஆற்றுக்கட்டின் மேல் ஏறும் சரிவு மட்டும்தான்.

மலை இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. கட்டின் மேல் ஒதுங்க மரமோ மதிலோ கிடையாது. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. வசந்தத்தில் வானம் தெளிந்த நாட்களில் கிழக்கிலிருந்தும் அடிக்கும். இந்த முறை கிழக்குக் காற்று. போகும்போது அதை முகத்தில் வாங்கிக்கொண்டு, வரும்போது முதுகில் ஏற்றிக்கொண்டேன். கால்கள் புதிதாக இருக்கும்போதே எதிர்க்காற்றைக் கடந்துவிட வேண்டும். இந்தச் சுற்றுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி அதுதான்.

வழி தேட வேண்டியதில்லை. சந்திக்குச் சந்தி ஒரு பலகை, அதில் ஓர் எண். அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. புறப்படுமுன் நாலைந்து எண்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டால் போதும். இந்த எண்முறை 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கியது. யோசித்தவர் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியியலாளர். நிலத்தடியில் ஆட்கள் வழி கண்டுபிடிக்க வைத்திருந்த எண்களை அவர் வெயிலுக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு எளிமையான, எவ்வளவு அன்பான யோசனை!

இனி அந்தக் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கட்டின் உச்சியில் ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில் வழுவழுப்பான தார் வீதி. இடது பக்கம் பார்த்தால் ஆறு தூரத்தில் கிடக்கிறது. ஆற்றுக்கும் கட்டுக்கும் நடுவே பரந்த புல்வெளி. ஆடுகள், மாடுகள், கம்பத்தின் உச்சியில் கூடு கட்டிய நாரைகள். மழைக்காலத்தில் அந்த நிலம் முழுவதும் ஆற்றுக்குச் சொந்தம், அதனால் அங்கே வீடு கிடையாது. வலது பக்கம் பார்த்தால் வீட்டுக் கூரைகள் உன் கண்மட்டத்துக்குக் கீழே. முற்றத்தில் துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வெள்ளம் கட்டைத் தொடும் நாளில் அந்த முற்றங்களைவிட ஆறு உயரத்தில் நிற்கும். நாம் உல்லாசமாக மிதித்துப்போகும் இந்த வீதிதான் அந்த வீடுகளுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் இருக்கும் ஒரே சுவர்.

நேரே போகும் வீதி திடீரென்று ஒரு வட்டக் குளத்தைச் சுற்றி வளைகிறது. அழகுக்காக வளைத்ததல்ல. எப்போதோ கட்டு உடைந்து, பாய்ந்த தண்ணீர் தோண்டிய பள்ளம் அது. ஆழம் கூடியதால் மூட முடியாமல், புதுக் கட்டை அதைச் சுற்றிப் போட்டார்கள். ஒவ்வொரு வளைவும் ஓர் இரவின் அலறல். அல்லியும் நாணலும் நிறைந்து இப்போது அமைதியாகக் கிடக்கும் அந்தக் குளங்களைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கணமாவது காலூன்றி நிற்கிறேன்.

பழைய கதை என்று நினைத்துவிடாதே. 1995 தை மாதக் கடைசியில் ஆறுகள் பெருகியபோது, கட்டுகள் தாங்குமா என்ற பயத்தில் இந்த ஆற்று நாட்டிலிருந்து ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். கட்டுகள் தாங்கின. ஆனால் அந்தப் பயம் ஒரு பெரிய மனமாற்றத்தைக் கொண்டுவந்தது. கட்டை உயர்த்திக்கொண்டே போவதால் மட்டும் தீராது, ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கட்டைப் பின்னுக்கு நகர்த்தினார்கள், புல்வெளியைத் தாழ்த்தினார்கள், பக்கக் கால்வாய் வெட்டினார்கள். ஆற்றிடமிருந்து பிடுங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்த நாடு என்பதற்காகவே எனக்கு இவர்கள்மேல் மதிப்பு. இந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொள்வது நீர்வாரியங்கள்; அவற்றுக்கென்று தனி வரி, தனித் தேர்தல். வடகரையில் இப்போதும் 55 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டைப் பலப்படுத்தும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. அங்கங்கே மாற்றுவழிப் பலகை கண்டால் சலிக்காமல் சுற்றிப் போக வேண்டியதுதான்.

தென்கரை நாட்டுக்குப் பேட்டுவெ என்று பெயர், பழத்தோட்டங்களுக்குப் பேர்போனது. நான் போனது சித்திரையில். பேரி வெள்ளையாகப் பூத்து முடியும் நேரம், ஆப்பிள் இளஞ்சிவப்பாகத் தொடங்கும் நேரம். பூக்காலத்தில் இரவுப் பனி விழுந்தால் விளைச்சல் போய்விடும். அதைத் தடுக்க விவசாயிகள் செய்வது வியப்பானது: இரவு முழுக்கப் பூக்கள்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை விடுகிறது. தெளிப்பு நிற்காதவரை பனிக்கட்டிக்குள் இருக்கும் பூ பூச்சியப் பாகைக்குக் கீழே இறங்காமல் பிழைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் தோட்டம் முழுவதும் கண்ணாடிக்குள் பூத்ததுபோல் இருக்குமாம். நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

பியூசிகெம், ராவன்ஸ்வாய், ரைஸ்வைக் என்று ஊர்கள் சட்டுச் சட்டென்று கடந்துபோகின்றன. எதிரே கூட்டமாக வரும் ரேஸ் சைக்கிள்காரர் முன்னால் இருப்பவர் குரல் கொடுத்ததும் ஒற்றை வரிசையாக ஒதுங்கிக் கை காட்டிப் போகிறார்கள். ரைஸ்வைக்கில் படகுத்துறை. நம்ம மண்டூர்ப் பாதைப் படகு மாதிரித் தட்டையான மேடை, அதில் காரும் சைக்கிளும் ஆட்களும். ஆனால் இது ஆற்றின் மேல்பக்கத்தில் நங்கூரமிட்ட நீண்ட வடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. மேடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நீரோட்டமே அதைக் கரையிலிருந்து கரைக்குத் தள்ளிவிடும். 1657-இல் நைமேகனில் ஹென்ட்ரிக் ஹோய்க் என்பவர் ஓடவிட்ட முறை இது. ஓட்டம் குறைந்த நாட்களில் எஞ்சின் துணை செய்கிறது.

அக்கரையில் வைக் பை டூர்ஸ்டேடெ. ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை டோரெஸ்டாட் என்ற பெரும் வணிகத்துறை இருந்த இடம். 834 முதல் வைக்கிங்குகள் திரும்பத் திரும்ப வந்து கொள்ளையடித்தார்கள். உரோமர் காலத்தில் எல்லையாக இருந்த பழைய ரைன் இங்கேதான் பிரிந்தது. 1122-இல் அதை அணைபோட்டு அடைத்துவிட்டார்கள். இப்போது அது வில்லோ மரங்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால். நகர வாசலின் மேலேயே கட்டிய காற்றாலை ஒன்று நிற்கிறது. ஓவியர் ரெயிஸ்டால் வரைந்த புகழ்பெற்ற காற்றாலை இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வரைந்தது வேறொன்று, அது இப்போது இல்லை.

முதுகில் காற்றோடு வடகரையில் திரும்பி, கூலம்போர்க் படகில் ஏறும்போது உன்னை நினைத்தேன். காரணம் இருக்கிறது. அந்தோனி வான் டீமன் 1593-இல் பிறந்தது இந்த ஊரில். அவன் பத்தாவியாவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் நாயகமாக இருந்தபோதுதான், 1638-இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு கூட்டுச் சேர்ந்து போர்த்துக்கீசரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். தினமும் உன் கந்தோருக்குப் போகும் வழியில் நிற்கும் அந்த மதில்களின் கதையில் ஒரு முனை இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. தங்கள் முற்றத்தைத் தண்ணீரிலிருந்து காக்க இத்தனை பாடுபட்ட மனிதர்கள், அதே தண்ணீர்மேல் ஏறி வந்து அடுத்தவன் முற்றத்தைப் பிடித்தார்கள். இந்த இரண்டையும் நான் மனத்தில் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஒன்றுக்காக மற்றதை மறக்க விருப்பமில்லை.

விசா கிடைத்தால் ஆடி மாதம் வா. பூ இருக்காது, ஆனால் கட்டோரக் கொட்டில்களில் செர்ரிப் பழம் விற்பார்கள். உனக்கு அளவான சைக்கிள் ஒன்றை இப்போதே பார்த்து வைக்கிறேன். உன் உயரத்தை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்