பேறுகாலப் பை

தாத்தாவின் எட்டு முழ வேட்டிகள் கொடியில் காய்கின்றன. வெந்நீரில் கொதிக்கவிட்டு அலசியது. கஞ்சி கிடையாது, நீலம் கிடையாது. கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்பது அப்பத்தாவின் உத்தரவு. நூலோட்டத்தில் கையால் கிழித்தால்தான் துணி கோணாமல் வரும். ஓரம் மடித்துத் தைப்பதற்கும் தடை. தையல் பிள்ளையின் தொடையை அறுக்குமாம். ஒரு வேட்டியில் பன்னிரண்டு சதுரம் தேறுகிறது.

முதல் நாள் ஓரிரு துணிதான் நனையும். பால் நன்றாகச் சுரந்து ஐந்தாம் நாள் ஆகிவிட்டால் சிறுநீருக்கே ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல். நனையும் துணியை எண்ணிக்கொண்டே வந்தால் பால் போதுகிறதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் போகும் காட்டுப்பீ கருத்துப் பிசுபிசுக்கும், எந்தச் சோப்புக்கும் கறை போகாது. அதற்கென்று மிக நைந்த துணிகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தூக்கி எறிய மனசு உறுத்தாது.

டயப்பர் ஒரே ஒரு பாக்கெட். ராத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழிக்கும்.

*

புதுசாக எதையும் வாங்கக் கூடாது. "புள்ள பூமியில விழட்டும், அப்புறம் வாங்கு" என்கிறது அப்பத்தா. தொட்டிலுக்கும் இதே சட்டம்தான், சட்டைக்கும் இதே சட்டம்தான். பிள்ளைத்தாய்ச்சியான தங்கச்சி செல்போனில் குட்டிச் சொக்காய்களைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறாள். எனக்கு இதை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ள மனமில்லை. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அப்பத்தா பெற்றதெல்லாம் அதற்கும் முந்தைய காலத்தில். வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் சேர்ந்து போட்ட விதியாக இருக்கும் இது. 2020-இல் தமிழ்நாட்டில் அந்த 129 என்பது 13. விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதோடு, விதிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. என் சின்னவன் போட்ட சட்டைகள்தான் இப்போது பைக்குள் போகின்றன. பலமுறை துவைத்துப் பஞ்சாகிப் போனவை. கடைச் சட்டையில் மொடமொடப்பும் கழுத்தில் குத்தும் லேபிளும்தான் இருக்கும். முன்பக்கம் நாடா கட்டும் சட்டை நான்கு போதும். தலை வழியாக மாட்டும் சட்டை வேண்டவே வேண்டாம்; கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதைப் போட்டுவிட இரண்டு ஆள் வேண்டும்.

*

பைக்குள் வைக்கக் கூடாதது: பால்டப்பா, பால்புட்டி. தெரிந்தவர் ஒருவர் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வாங்கித் தரப் பார்த்தார். இவற்றுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிதான் கொள்ளும். சீம்பாலும் அந்த அளவுதான் வரும். 'பால் பத்தல' என்று வார்டில் முதலில் சொல்வது பெரும்பாலும் பார்க்க வந்த ஆள்தான். பிறந்த வாரத்தில் எடை பத்து சதவீதம் வரை குறைவது இயல்பு, இரண்டு வாரத்தில் திரும்ப ஏறிவிடும். இதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

சேனை தொட்டு வைக்க வேண்டும் என்பது அப்பத்தாவின் நெடுநாள் ஆசை. வம்சத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வருமாம். ஒரு வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி சின்னக் குடலுக்குள் போய் நஞ்சாகும். கடைசியில் ஒரு சமரசம்: அப்பத்தா பிள்ளையை முதலில் மடியில் வாங்கிக்கொள்ளும், சேனை கிடையாது. குணம் மடி வழியாகவும் போகட்டும்.

தெருவில் கழுதைப்பால் விற்க வருகிறவருக்கும் இதே பதில்தான்.

*

எல்லாருடைய பையும் குழந்தைக்காகவே பொங்கி வழிகிறது. அதற்கு வேண்டியது துணி, கதகதப்பு, அம்மா. முதல் ஒரு நாள் குளிப்பாட்டக்கூட வேண்டாம் என்கிறார்கள், ஆக சோப்பு, பவுடர், ஷாம்பு எல்லாம் வீட்டிலேயே கிடக்கட்டும். மையும் கண்ணுக்கு வேண்டாம். திருஷ்டிக்கென்றால் பாதத்தில் ஒரு பொட்டு. பையில் பாதி இடம் தங்கச்சிக்குத்தான் போக வேண்டும், ஆனால் யாரும் விடுவதில்லை.

அவளுக்கு: முன்பக்கம் திறக்கும் நைட்டி, அடர்நிறத்தில். இளஞ்சிவப்பும் வெள்ளையும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு முதல் நாட்களில் மாதவிலக்கைவிட அதிகம், குறைந்து குறைந்து ஆறு வாரம் வரைகூட நீளும். இதை எந்தப் பெரிய மனுஷியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. பெரிய அளவு நாப்கின், உள்பாவாடை, ஊக்கு, கழிப்பறைக்குப் போட்டுப் போக ரப்பர் செருப்பு, சீப்பு, தேங்காயெண்ணெய், வெந்நீர் ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், விரிப்பு இரண்டு.

*

கட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு. தரை துணைக்கு.

துணைக்குப் படுக்கப்போவது அம்மா. வார்டுக்குள் ராத்திரி ஆண்களுக்கு இடமில்லை. அம்மா மூன்று தடவை பையைப் பிரித்து அடுக்கிவிட்டாள், தனக்கென்று ஒரு துண்டுகூட வைக்கவில்லை. நானாக ஒரு மஞ்சப்பை எடுத்தேன். பிரஷர் மாத்திரை, கண்ணாடி, கோரைப்பாய், மஃப்ளர், மாற்றுப் புடவை, தூக்குவாளி, செல்போன் சார்ஜர், சில்லறை, பழைய செருப்பு (புதுசு வார்டு வாசலில் நிற்காது). அவள் மயங்கி விழுந்தால் இன்னொரு கட்டில் தேட வேண்டியிருக்கும் என்று மிரட்டித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன்.

*

காகிதங்கள் தனி பிளாஸ்டிக் கவரில். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிந்து கொடுத்த 12 இலக்க பிக்மி எண்ணை அட்டையிலும் எழுதி, என் போனிலும் படம் பிடித்துவைத்தேன். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான், முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவிக்கும் அந்த எண்தான். 1987-இல் அந்த உதவி 300 ரூபாயாகத் தொடங்கியது. 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. நடுராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் கேட்பது இந்தக் கவரை மட்டும்தான்.

என் சின்னவன் பிறந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த குழந்தைப் பெட்டகத்தில் 16 பொருள் இருந்தது. கொசுவலை கிழியும்வரை உழைத்தது. நகவெட்டி இன்னும் இருக்கிறது. ஷாம்பு அப்படியே இறுகிப் போயிற்று. அரசாங்கப் பெட்டிக்குள் சௌபாக்கிய சுண்டி லேகியத்தைப் பார்த்ததும் அப்பத்தாவுக்கு அரசாங்கத்தின் மேல் புது மரியாதை பிறந்தது.

*

நேற்று ராத்திரி தங்கச்சி வலி என்றாள். அப்பத்தா பதறவில்லை, சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்தது. சூட்டு வலியானால் கஷாயத்தில் அடங்கும், மெய்யான வலியானால் அதற்கப்புறம் ஏறும். அடங்கிவிட்டது. இந்தச் சோதனையில் ஒரு நியாயம் இருக்கிறது: பொய்வலி கொஞ்சம் நடந்தாலும், தண்ணீர் குடித்துப் படுத்தாலும் தணியும், பிரசவ வலி என்ன செய்தாலும் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றானால் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, பிள்ளை துள்ளுவது குறைந்தாலோ கஷாயமெல்லாம் கிடையாது, நேராக 108. இதை அப்பத்தாவிடம் சத்தமாகவே சொல்லிவைத்தேன்.

*

வீட்டில் மருந்து இடிக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஒன்றாகப் போட்டால் ஓமம் தீய்ந்துவிடும். இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறினால் எண்ணெய் பிரிந்து வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும். அதுதான் பதம். ஈரக் கரண்டி படாமல் ஜாடியில் வைத்தால் கெடாது. அந்த நெடியில் தெருவுக்கே தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டில் பேறுகாலம் என்று.

பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் சம்மதம். தண்ணீரைக் குறைப்பது மட்டும் சம்மதமில்லை. 'பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு தொங்கிரும்' என்று சொல்லி, பால் கொடுக்கிறவளைத் தாகத்தோடு வைத்திருப்பது கொடுமை. ஃபிளாஸ்க்கைப் பெரிய அளவில் வாங்கியதே அதற்காக. ஃபிளாஸ்க் புதுசு வாங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

*

தூளி கட்ட உத்திரத்தில் கொக்கி இருக்கிறது, என்னை ஆட்டிய அதே கொக்கி. அப்பா ஒரு சிப்பம் அரிசியைத் தொங்கவிட்டுச் சோதித்தார். பகலில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டலாம். ராத்திரி தரையில் கெட்டியான படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல்.

டிஸ்சார்ஜ் நாள் அஷ்டமி நவமியில் வந்தால் என்ன செய்வது என்று அம்மா இப்போதே காலண்டரைப் புரட்டுகிறாள். அடுத்த பிள்ளைத்தாய்ச்சி கட்டிலுக்குக் காத்திருப்பாள் என்றேன். 'ராகு காலம் மட்டும் போகட்டும்' என்று இறங்கி வந்தாள். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்துவிட 102 வண்டி உண்டு. அதன் ஓட்டுநருக்கு ராகு காலம் அத்துப்படியாக இருக்கும்.

*

மாப்பிள்ளை என்ன வாங்கி வரட்டும் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பொருள் வேண்டாம், மூன்று வேலை கொடுத்திருக்கிறேன். சிலிண்டர் பதிவு. அவர் பக்கத்து உறவுகள் முதல் மாதம் கூட்டமாக வராமல் பார்த்துக்கொள்வது, வருகிறவர்கள் கை கழுவாமல் பிள்ளையைத் தொடாமலும், முகத்தில் முத்தம் கொடுக்காமலும் தடுப்பது. மூன்றாவது, 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு. மூன்றாவதுக்கு மட்டும் உற்சாகமாகத் தலையாட்டினார், பேர் அவரிடம் தயாராக இருக்கிறதாம். அப்பத்தாவிடமும் ஒன்று தயாராக இருக்கிறது. பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. அப்பத்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஓராண்டையும் இழுத்தடிக்கும்.