படத்தின் பின்பக்கம்

என்னிடம் கெமரா இல்லை. நானா புதிய கைத்தொலைபேசி வாங்கியபோது எனக்குத் தந்த பழைய தொலைபேசிதான் என் கெமரா. அதன் திரையில் ஒரு மூலை வெடித்திருக்கிறது. ஆனாலும் நாங்கள் எங்கு பயணம் போனாலும், "படம் எடுக்கிற வேலை மகளுக்கு" என்று வாப்பா சொல்லிவிடுவார். மூன்று வருடங்களாக எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த படங்களைப் புத்தளம் நகரில் ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் எடுத்து, பின்பக்கத்தில் இடத்தையும் திகதியையும் எழுதி அல்பத்தில் சேர்த்து வருகிறேன். அவற்றில் மூன்று இடங்களைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

முதலாவது, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம், கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. பச்சை மலைகளின் நடுவே ரயில் அதன்மேல் வளைந்து வரும் காட்சியை நீங்களும் நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போன அன்று ரயில் தாமதம். வெயிலில் நெடுநேரம் காத்திருந்தோம். ரயில் வந்ததும் எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரின் கைகளும் தொலைபேசிகளோடு உயர்ந்தன. கைகளுக்கு நடுவே ரயிலின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அதையே எடுத்தேன்.

"இதென்ன, பாலத்தையே காணல்லயே?" என்று உம்மா சிரித்தார்.

நாட்காட்டியில் பாலம் இருக்கிறது. அதைப் பார்க்க வந்து வெயிலில் காய்ந்த மனிதர்கள் அதில் இல்லை. அன்றைய பொழுதை நினைவூட்டுவது என் படம்தான்.

இரண்டாவது, மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் இங்கு கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நேரில் பார்த்தால் அடிமரம் ஒரு வீட்டுச் சுவரைப்போல அகன்றிருக்கும். தொலைபேசியில் பார்த்தபோதோ சாதாரண மரமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லையென்றால் பெரியதும் சிறியதும் படத்தில் ஒன்றுதான். ஏழு வயதுத் தம்பியை அடிமரத்தோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். அவன் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துப் போனான். மரம் உடனே தன் உண்மையான பருமனுக்கு வந்தது.

அதே பயணத்தில்தான் மூன்றாவது இடத்துக்கும் போனோம். மன்னாரிலிருந்து ஏ-32 வீதியால் பூநகரி வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றோம். உம்மும்மா வேனின் முன் ஆசனத்தில் ஒன்றும் பேசாமல் வந்தார். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது, எட்டு வயதான என் உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் வெளியேறினார். கலியாண அல்பம் அலுமாரிக்குள் இருந்துவிட்டது. உம்மும்மாவின் இளமைக்காலப் படம் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. மணப்பெண்ணாக அவர் எப்படி இருந்தார் என்பது பேரப்பிள்ளைகள் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குக் கூரை இல்லை. சமையலறைக்குள் ஒரு மரம் வளர்ந்திருந்தது. ஒரு பக்கச் சுவர் பாதியாக நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உம்மும்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானாகவே சொன்னார்: "மகள், என்னைக் கிணத்தடியில வெச்சு ஒரு படம் எடுங்க. அந்த இடிஞ்ச செவரு விழக்கூடாது. வீடு இருந்த மாதிரியே இருக்கோணும்."

இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து, குந்தியிருந்து எடுத்தேன். உம்மும்மா, கிணறு, துவைக்கிற கல், மேலே வானம். அவ்வளவுதான். ஆனால் மனதுக்குள் ஒரு நெருடல். அந்தச் சுவரையும் யாராவது ஒருவர் எடுத்து வைக்கத்தானே வேண்டும்?

"உம்மும்மா, செவரோட ஒண்டு எடுக்கட்டா? நாளைக்கு எங்கட புள்ளைகள் கேட்டா காட்டோணுமே."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எடுங்க. ஆனா அதில நான் நிக்கமாட்டன்" என்றார்.

இப்போது அல்பத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு படங்களும் இருக்கின்றன. ஒன்றில் உம்மும்மா நிற்கிறார், இடிபாடு இல்லை. மற்றதில் இடிபாடு இருக்கிறது, அவர் இல்லை. எது உண்மையான படம் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். இரண்டும்தான் என்றேன். ஒன்று அவர் மனதில் வைத்திருக்கும் வீடு. மற்றது நாங்கள் போய்ப் பார்த்த வீடு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் காட்டினால் கதை பாதியாகிவிடும்.

அடுத்த விடுமுறையில் நீங்களும் எங்காவது போவீர்கள், படங்கள் எடுப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவற்றை மூத்தவர்களிடம் காட்டி, இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தொலைபேசிக்குள் கிடக்கும் படத்தைவிடக் கையில் பிடிக்கும் படம் அவர்களை அதிகம் பேச வைக்கும்.

உம்மும்மாவிடம் அப்படித்தான் நடந்தது. கிணற்றடிப் படத்தின் பின்பக்கத்தில் திகதி எழுத நான் பேனாவை எடுத்தபோது, அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்த அயல்வீட்டுப் பெண்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர்கள் எழுதினேன். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரியின் பெயர் மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதற்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.