ஈத்தூண்டிலும் வீச்சுவலையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவது எனச் சில நாள் சிந்தித்தேன். கல்லூரி அன்னையின் பெருமையை எடுத்துரைப்பார் இம்மலரிலே பலர் உளர். அவள் மடியிலிருந்து யான் செய்த பிழையொன்றை எடுத்துரைத்தற்கு யான் ஒருவனே உளேன். ஆதலால் அதனையே எழுதத் துணிந்தேன். பிழை நிகழ்ந்தது எங்கள் வகுப்பறையில். அதனை வாய்விட்டுச் சொல்லும் துணிவு எனக்கு வந்ததோ, கடல் பல கடந்து, இங்கிலாந்து தேசத்து ஆற்றங்கரையொன்றில்.

2023ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் இலண்டனில் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு யானும் அழைக்கப்பட்டுச் சென்றிருந்தேன். ஒன்றுகூடல் முடிந்ததும், என்னோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் மூவர் என்னை அந்நாட்டின் நடுப்பகுதிக்கு அழைத்துச் சென்றனர். ஒருவர் வைத்தியர், மற்றொருவர் கணக்காளர், மூன்றாமவர் இயந்திரத் தொழிற்சாலையொன்றிலே பணிபுரிபவர். முன்னிருவரையும் இடைக்கிடை கண்டதுண்டு. மூன்றாமவரை 1995ஆம் ஆண்டின் பின்னர் அன்றுதான் கண்டேன். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்த இரவிலே எங்கள் வகுப்பும் சிதறிற்று. அவர் வன்னிக்குப் போய், பின்னர் வெளிநாடு சென்றார் என்று மட்டும் கேள்வியுற்றிருந்தேன். அவர் பரவைக்கடல் ஓரத்துக் கிராமமொன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தவர்.

"நாளைக்கு விடியக் காலமை ஆத்துக்குப் போறம், வாத்தியார். சப்பாத்து நனையும், வேறை சோடி ஒண்டு கொண்டு வா" என்றார் அவர். மூவரும் ஆண்டுக்கு ஒருநாளேனும் ஒருங்குகூடித் திரவுட்டு மீன் பிடிக்கச் செல்வது வழக்கமாம். மற்றையிருவர்க்கும் அவ்வித்தையைப் பழக்கியவர் இக்கடலோர நண்பரே.

திரவுட்டு என்பது குளிர்ந்து தெளிந்து ஓடும் நன்னீரில் வாழும் மீன். ஐரோப்பாவுக்குரிய கபிலத் திரவுட்டு, மேனியிலே கறுப்பும் சிவப்புமான புள்ளிகள் உடையது. எம் நாட்டினர்க்கும் இம்மீனினம் முற்றிலும் அயலன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே ஆங்கிலேயர் இதன் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாப் பகுதியிலே பொரிக்கச் செய்தனர். பின்னர் கொணர்ந்த வானவில் திரவுட்டு ஹோட்டன் சமவெளி ஓடைகளிலே நிலைபெற்றது. இங்கிலாந்திலும் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடப்படும் மீன்கள் உள. நாங்கள் தேடிச் சென்றவை அவையல்ல. ஆற்றிலே பிறந்து ஆற்றிலே வளர்ந்தவை. கொக்குக்கும் நீர்நாய்க்கும் தப்பி வளர்ந்தவை ஆதலின் நிழல் அசைந்தாலும் ஐயுறுபவை.

நாங்கள் சென்ற ஆறு டவ் என்பது. டாபிசயர், ஸ்ரபோட்சயர் என்னும் இரு பகுதிகளுக்கும் நெடுந்தூரம் எல்லையாய் ஓடுவது. சுண்ணக்கற் குன்றுகளிடையே ஓடுதலால் அதன் நீர் பளிங்கு போன்றது. எம் யாழ்ப்பாணத்து நிலமும் சுண்ணக்கல்லே அன்றோ! எங்கள் நீர் நிலத்தின் கீழ் ஒளிந்திருந்து கிணற்றிலே முகங்காட்டுகின்றது. அவர்கள் நீர் வெளியே வந்து புல்வெளியூடு ஓடுகின்றது.

கரையோரப் பாதையிலே நடந்து செல்லுகையில், மரங்களினூடே சிறிய கற்கட்டடம் ஒன்றினை நண்பர் சுட்டிக் காட்டினார். தனியார் நிலத்தில் நிற்பதாகலின் அருகே செல்லவில்லை. அது 1674ஆம் ஆண்டு சாள்ஸ் கொற்றன் என்னும் நிலக்கிழார் கட்டிய மீன்பிடி மனை. ஐசாக் வோல்ற்றன் என்பவர் 1653இல் தூண்டிற்கலை பற்றி நூலொன்று வெளியிட்டுப் புகழ் பெற்றவர். இலண்டனிலே துணி வணிகஞ் செய்தவர். கொற்றனிலும் 37 வயது மூத்தவர். வணிகரும் நிலக்கிழாரும் இவ்வாற்றங்கரையிலே உயிர்நண்பராயினர். 1676இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலே, ஈத்தூண்டில் பற்றிய பகுதியைக் கொற்றன் எழுதிச் சேர்த்தார். மனையின் வாயிலின் மேல் இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்குவித்தார். அதனோடு இலத்தீன் மொழியிலே இரண்டு சொற்களும் பொறிப்பித்தார்.

"என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டேன்.

"மீன் பிடிக்கிறவைக்குப் புனிதமான இடம் எண்டு" என்றார் நண்பர். அவ்வளவில் நிறுத்திக்கொண்டு முன்னே நடந்தார். எனக்கோ நெஞ்சிலே முள்ளொன்று தைத்தாற் போலிருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

ஈத்தூண்டில் என்பது யாது என அறியாத வாசகர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். சேவலின் கழுத்து இறகையும் முயலின் உரோமத்தையும் பட்டு நூலால் முள்ளிலே சுற்றிக் கட்டி, நீர்ப்பூச்சி போலத் தோன்றச் செய்வர். அதனையே ஈ என்பர். சாதாரண தூண்டிலிலே ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கே ஈக்குப் பாரமில்லை. கயிற்றின் பாரமே ஈயைக் கொண்டு செல்லல் வேண்டும். ஆகையால் தூண்டிற்கோலைப் பின்னே வீசி, கயிறு முதுகின் பின்னே நீளும்வரை பொறுத்து, அதன்பின்னரே முன்னே வீசுவர். பொறுக்கும் அந்தக் கணமே வித்தையின் உயிர். அவசரப்படுவானுக்குக் கயிறு காலடியிலே சிக்கலாய் விழும்.

திரவுட்டு நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். உணவு தன்னிடம் மிதந்து வரக் காத்திருக்கும். நீருக்குள்ளிருந்து அதற்கு வெளியுலகம் தோன்றுவது, தலைக்கு மேலே ஏறத்தாழ 97 பாகை விரிந்த கூம்பு வடிவான சாளரம் ஒன்றினூடாகவே. ஆதலின் அதன் பின்புறமாக, ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து, குனிந்து மெல்ல அணுகல் வேண்டும். அன்று மேப்பூச்சிகள் நீரினின்று எழுந்துகொண்டிருந்தன. எம்மூர் ஈசலை ஒத்த அவ்வுயிர் ஆற்றின் அடிச்சேற்றிலே ஈராண்டு வரை வாழ்ந்து, சிறகு பெற்றபின் ஒன்றிரண்டு நாளே உயிர்க்குமாம். சிறகு பெற்ற பின் அதற்கு உண்ணும் வாய் இல்லை. அவ்வளவு காலம் காத்திருந்து ஒருநாள் பறத்தற்கு எழுந்துவருவதைத் திரவுட்டு மேலெழுந்து விழுங்கும். நீர்மேல் வட்டங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன.

நண்பர் முழங்காலளவு நீரிலே இறங்கினார். கோலைப் பின்னே வீசினார், நின்றார், முன்னே விட்டார். கயிறு நீண்டு சென்று, ஈ ஓசையின்றி நீரிலே அமர்ந்தது. அந்தக் கையை நான் முன்னரே கண்டிருக்கிறேன். அது அவருடைய தந்தையாரின் கை.

1994ஆம் ஆண்டு எங்கள் வகுப்பினர் சிலர் துவிச்சக்கர வண்டியிலே பரவைக்கடற் பக்கம் சென்றிருந்தோம். போர்க்காலமாகையால் ஆழ்கடலுக்குப் போவதற்குத் தடைகள் மிகுந்திருந்தன. நண்பரின் தந்தையார் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். தோளிலும் முழங்கையிலுமாக வலையை மடித்து, உடலைத் திருப்பி, நொடிப்பொழுது தாமதித்து வீசியபொழுது, ஈயமணிகள் கோத்த விளிம்பு முழுவட்டமாய் விரிந்து விழுந்தது. வியந்து நின்றேன். ஆயினும் அந்த வியப்பை ஒருவரிடமும் சொன்னேனல்லேன். மறுநாள் யான் செய்தது வேறு.

நண்பர் பக்கத்திலே வந்து அமர்ந்தால் சிலர் மூக்கைப் பொத்துவது வழக்கம். யான் யாப்பிலக்கணம் புதிதாய்க் கற்ற செருக்கிலே, மீன்வாடையை நகைத்துக் குறள் வெண்பா ஒன்று கட்டிக் கரும்பலகையிலே எழுதினேன். யான் வாழ்வில் முதன்முதலாக இயற்றிய செய்யுள் அதுவே. வகுப்பு முழுவதும் சிரித்தது. நண்பர் எழுந்து சென்று, ஆசிரியர் வருமுன் அதனைத் தம் கையாலே துடைத்துவிட்டு வந்து அமர்ந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே கிழமை யான் தமிழ்ப் பாடத்திலே நெய்தற்றிணை பற்றி எழுதிய கட்டுரைக்கு அதிக புள்ளி பெற்றேன் என்பதையும் மறையாது சொல்லுதல் முறை. ஏட்டிலே பரதவரைப் போற்றினேன். பக்கத்து வாங்கிலே இருந்த பரதவர் மகனைப் பழித்தேன்.

ஆற்றிலே வட்டமொன்று எழுந்தது. நண்பரின் கோல் வளைந்தது. சில நிமிடத்தில் முக்காலடி நீளமான மீனொன்று கைவலையுள் வந்தது. அவர் முதலிலே தம் கைகளை நீரில் நனைத்தார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேனியிலுள்ள வழுவழுப்பு நீங்கி நோயுண்டாகுமாம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் எளிதிலே கழன்றது. மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்தார். அது மூச்செடுத்துத் தேறியதும் கையை விரித்தார். மின்னல்போல மறைந்தது.

யான் புலால் உண்ணாதவன். ஆகவே கேட்டேன்: "தின்னப் பிடிச்சால் ஒரு நியாயம் இருக்கு. விளையாட்டுக்கு ஒரு உயிரின்ரை வாயிலை கொளுவுறதுக்கு என்ன நியாயம்?"

"நியாயம் இருக்கெண்டு நான் சொல்லமாட்டன். அதுக்கு நோகும்தானே. இஞ்சை ஆத்திலை கழிவு கலந்தால் முதல் சத்தம் போடுறது தூண்டில்காரர்தான் எண்டு சொல்லுவினம், அது உண்மைதான். ஆனால் நான் வாறது அதுக்காக இல்லை. கை கேக்குது, மச்சான். வலை எறிஞ்ச கையின்ரை பிள்ளை."

சிறிது நேரம் கழித்து மீண்டுஞ் சொன்னார்: "அப்பு முதல் மீனைக் கடலிலைதான் விடுவார். அதிபத்த நாயனாரின்ரை பங்கு எண்டு சொல்லுவார்."

நாகப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்தர், நாடோறும் வலையிற் பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் கிடைத்த நாளிலும் அதனையே விட்டவர். பொன்மீன் கிடைத்த அன்றும் அவ்வாறே செய்தவர். அறுபத்துமூவருள் ஒருவராக எம் கோயில்களில் நிற்பவர். அவர் வரலாற்றை யான் ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். அதனை நாடோறும் கைக்கொண்ட ஒருவர் என் வகுப்புத் தோழனின் தந்தையாய் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இனியும் பொறுத்தல் இயலாதாயிற்று. "நான் எழுதின அந்த வெண்பா..." என்று தொடங்கினேன். முடிக்க இயலவில்லை.

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரண்டாம் அடியிலை தளை தட்டினது. தெரியுமே வாத்தியார்?"

திகைத்தேன். "அதிலை பிழை பிடிக்கவேணும் எண்டுதான் நான் யாப்பு முழுக்கப் படிச்சன். கண்டுபிடிக்க மூண்டு மாதம் சென்றது. சொல்ல முதல் ஊரே வெளிக்கிட்டிட்டுது" என்றார். வைத்தியரும் கணக்காளரும் வாய்விட்டுச் சிரித்தனர், அவரும் சிரித்தார். யானும் சிரிக்க முயன்றேன்.

சிரிப்பு அடங்கியபின், என்னை நோக்காது நீரை நோக்கியவாறே கூறினார்: "பாட்டு எனக்கு நோகேல்லை மச்சான். அதுக்குப் பிறகு அப்பு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் நான் பின்வழியாலை போடுவன். காசு தரவெண்டு வெயிலுக்கை நிண்டிட்டுத் திரும்பிப் போவார். ஏனெண்டு ஒருநாளும் கேக்கேல்லை. 2001இலை மோசம் போனார். எனக்குப் போகேலாமல் போச்சு. அதுதான் நோ."

யான் மன்னிப்புக் கேட்டேன். "அது அப்பவே விட்டிட்டன்" என்றார். ஆனால் அந்தத் தந்தையிடம் யார் மன்னிப்புக் கேட்பது? என் செய்யுள் மகனைச் சுட்டது. புண்பட்டவரோ வாசலிலே நின்ற தந்தை. சொல்லை எறிவது எளிது. அது எங்கே சென்று விழும் என்பதை எறிந்தவன் அறியான்.

பின்னர் அவர் தமது கோலை என் கையிலே தந்தார். எனக்கும் ஒருநாள் உரிமம் வாங்கி வைத்திருந்தார். மாலைவரை வீசினேன், மீன் ஒன்றும் பிடித்தேனல்லேன். கயிறு இருமுறை மரக்கிளையிலும் ஒருமுறை என் தொப்பியிலும் சிக்கிற்று. "பொறு, வாத்தியார், பொறு. பின்னாலை நீளும்வரைக்கும் பொறு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பழக்கினார். யான் அவருக்கு மாணவனாய் நின்ற அந்த மாலைப்பொழுது என் நினைவினின்று நீங்காது.

ஊர் திரும்பியபின் வகுப்பிலே நெய்தற்றிணை கற்பிக்கும் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டேன். வலை, மீன், காற்று ஆகியவற்றின் பெயர்கள் வருமிடத்து, கடலோரத்து மாணவரை எழுப்பி விளக்கச் சொல்கின்றேன். சென்ற தவணையிலே ஒருவன், யான் வீச்சுவலைக்குக் கரும்பலகையிலே வரைந்த படம் பிழையெனத் திருத்தினான். வகுப்பு சிரித்தது, இம்முறை ஆசிரியரைப் பார்த்து.

இளைய மாணவர்களே! உங்கள் வாங்கிலே பக்கத்தில் இருப்பவனின் தந்தை எத்தொழில் செய்பவரேனும் ஆகுக. அத்தொழிலின் வாடையே உங்கள் தோழனின் புத்தகமும் சீருடையும் ஆயிற்று என்பதை மறவாதிருங்கள். பழைய மாணவர்களே! என்னைப் போல் எவரிடமேனும் சொல்லவேண்டிய சொல் உங்களிடம் எஞ்சியிருந்தால், இவ்விழாவிற்கு அவர் வரும்பொழுது சொல்லிவிடுங்கள். எனக்கு 28 ஆண்டு சென்றது. அதற்குள் ஒருவர் வாசலிலிருந்து திரும்பிப் போய்விட்டார்.